ஓரடி முன்பாக நில்லுங்கள்



பங்குத் திருவிழாவுக்குப் புதுப் பாடல் எழுத உட்காருகிறோம். தாளும் பேனாவும் தயார். மனம் மட்டும் வரவில்லை. ‘மனசு வரும்போது எழுதிக்கொள்ளலாம்’ என்று எழுந்துவிடுகிறோம். மறையுரை தயாரிக்கும் சனிக்கிழமை இரவுகளில் எனக்கும் இதே கதைதான்.

மனம் தானாக வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. அதை நாமே அழைத்து வரலாம். இதைக் கற்பித்தவர் புனித லொயோலா இஞ்ஞாசியார். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் அவர் எழுதத் தொடங்கிய ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலுக்கு, 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஒப்புதல் அளித்தார்.

அந்நூல் காட்டும் வழி எளியது. இரவு தூங்குமுன், ஒரு ‘அருள் நிறைந்த மரியே’ சொல்லும் நேரம், நாளை எப்போது, எதற்காக எழப்போகிறேன் என்று நினைக்க வேண்டும். செபிக்கும் இடத்துக்கு ஓரிரு அடி முன்பாக நின்று, இறைவன் என்னைப் பார்க்கிறார் என உணர்ந்து வணங்க வேண்டும். அதற்கு ஓர் இயேசு கற்பித்த செபம் சொல்லும் நேரம் போதும்.

அடுத்து, தியானிக்கும் இடத்தை மனக்கண்ணில் காண வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேம் போகும் பாதை எவ்வளவு நீளம்? மேடா, பள்ளமா? குகை சிறியதா, பெரியதா? ‘அலையாதே’ என்று அதட்டினால் மனம் அடங்காது. நடக்க ஒரு பாதை கொடுத்தால் அதில் நடக்கும். முடிந்தபின், எப்படி நடந்தது என்று கால் மணி நேரம் திரும்பிப் பார்க்க வேண்டும்.

இயேசு சபையினரான வீரமாமுனிவர் இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர். பிறமொழியில் பிறந்து, தமிழ் கற்று, புனித யோசேப்பின் வாழ்வை 3615 பாடல்களில் ‘தேம்பாவணி’யாகப் பாடினார். மனசு வந்த நாளில் மட்டும் எழுதி முடிக்கக்கூடிய வேலையா அது?

வறண்ட நாள்களும் வரும். ‘கடவுள் என்னைக் கைவிட்டார்’, ‘எனக்குத் திறமை இல்லை’ என்று அன்று முடிவு கட்டிவிடாதீர்கள். அத்தகைய நாளில், குறித்த நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். வார்த்தை வருவது அருள். வாசலில் நிற்பது நம் பங்கு.

படிக்கும் பிள்ளைகளே, தையல் இயந்திரத்தின் முன் அமரும் தாய்மாரே, பாடகர் குழுவினரே! இந்த வாரம் கைப்பேசியை அடுத்த அறையில் வையுங்கள். வேலைக்கு ஓரடி முன்பாக நில்லுங்கள். ஒரு செபம் சொல்லுங்கள். பிறகு அமருங்கள். இறைவன் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.