நிறையிடல்: விலைச்சுட்டெண்ணை முன்வைத்து ஒரு விளக்கம்

பல எண்களைக் கூட்டிச் சராசரி காணுமிடத்து, அவை யாவற்றையும் சம மதிப்புடையனவாகக் கொள்ளாது, ஒவ்வொன்றுக்கும் அதன் முக்கியத்துவத்துக்கேற்ற ஓர் எண்ணை அளித்துக் கணித்தலையே நிறையிடல் என்கிறோம். எழுத்துப் பரீட்சைக்கு 70, செய்முறைப் பரீட்சைக்கு 30 என நிறையிடப்பட்ட ஒரு பாடத்தில், முன்னதில் 40 புள்ளியும் பின்னதில் 80 புள்ளியும் பெற்ற மாணவரின் பெறுபேறு 60 அன்று, 52 ஆகும். புள்ளிகள் மாறவில்லை, நிறையே முடிவை மாற்றியது.

அன்றாட வாழ்வில் நிறையிடலின் விளைவு மிக ஆழமாகப் படிவது விலைச்சுட்டெண்ணிலாகும். அரிசியின் விலை இருமடங்காகித் தீப்பெட்டியின் விலை மாறாதிருப்பின், சாதாரண சராசரி 50 சதவீத உயர்வைக் காட்டும். இவ்விரண்டுக்குமாகச் செலவிடும் நூறு ரூபாவில் 95 ரூபாவை அரிசிக்கே கொடுக்கும் குடும்பத்துக்கோ செலவு 95 சதவீதம் உயர்ந்துள்ளது. எனவேதான் ஒவ்வொரு பொருளுக்கும் குடும்பச் செலவில் அது பெறும் பங்கே நிறையாகக் கொள்ளப்படுகிறது. இங்கு எழும் அடிப்படை வினா, அது எந்தக் குடும்பம் என்பதாகும்.

1952ஐ அடியாண்டாகக் கொண்ட கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின் நிறைகள், 1949/50இல் கொழும்பு நகரின் 455 தொழிலாளர் குடும்பங்களிடையே நடத்தப்பட்ட ஆய்விலிருந்து பெறப்பட்டவை. உணவு 61.9, உடை 9.4, எரிபொருளும் வெளிச்சமும் 4.3, வாடகை 5.7, ஏனையவை 18.7 என்பன அவை. வாழ்க்கைமுறை பெரிதும் மாறியபோதும், அரைநூற்றாண்டுக்கு மேலாக இந்நிறைகள் மாறவில்லை. பல தொழில்களின் வாழ்க்கைச்செலவுப்படி இச்சுட்டெண்ணுடன் பிணைக்கப்பட்டிருந்தமையால், பழைய நிறைகளின் விளைவு தொழிலாளரின் சம்பளத்தையும் நேரடியாகத் தொட்டது.

2013ஐ அடியாண்டாகக் கொண்டு 2022 முடியும்வரை வழங்கிய இரு சுட்டெண்களை ஒப்பிடுதல் தகும். கொழும்பு மாவட்ட நகர்ப்புறக் குடும்பங்களைக் கருதிய கொழும்புச் சுட்டெண்ணில் உணவின் நிறை ஏறத்தாழ 28. நாடு முழுவதையும் கருதிய தேசிய நுகர்வோர் விலைச்சுட்டெண்ணில் அது 44. தலைநகருக்கும் கிராமம், தோட்டம் என்பவற்றுக்கும் இடையேயுள்ள வாழ்நிலை வேறுபாட்டையே இவ்விரு எண்களும் உணர்த்துகின்றன.

நெருக்கடி முற்றியிருந்த 2022 செப்டெம்பரில், கொழும்புச் சுட்டெண்ணின்படி உணவு விலைகள் ஓராண்டில் 94.9 சதவீதமும் உணவல்லாதவற்றின் விலைகள் 57.6 சதவீதமும் உயர்ந்தன. இவ்விரு உயர்வுகளையும் அவ்வாறே வைத்துக்கொண்டு நிறையை மட்டும் மாற்றிப் பார்ப்போம். உணவுக்கு 28 நிறையளித்தால் மொத்த உயர்வு ஏறத்தாழ 68 சதவீதம்; 44 அளித்தால் 74; 1952இன் தொழிலாளர் குடும்பத்தைப்போன்று 62 அளித்தால் 81. வெளியிடப்பட்ட பணவீக்கமோ 69.8 சதவீதம். இது 68இலும் சற்று உயர்ந்திருப்பதற்குக் காரணம், 2013இன் பின் உணவு விலைகள் ஏனையவற்றினும் விரைந்தேறியமையால் கணிப்பில் உணவின் பங்கு கூடியமையாகும். வருமானத்தின் பெரும்பகுதியை உணவுக்கே கொடுத்த குடும்பம் தாங்கிய சுமை, அறிவிக்கப்பட்ட எண்ணினும் பெரிதாயிருந்தது என்பது இதனாற் பெறப்படும்.

இன்னொன்றும் நோக்கற்பாலது. பொதுவாக இந்நிறைகள் குடும்பங்கள் யாவற்றினதும் மொத்தச் செலவிலிருந்தே பெறப்படுகின்றன. ஆகவே இருமடங்கு செலவிடும் குடும்பம் நிறையைத் தீர்மானிப்பதில் இருமடங்கு செல்வாக்குப் பெறுகிறது. வசதியுள்ளோரின் செலவுமுறை சராசரியைத் தன்பால் ஈர்க்க, வறியோரின் செலவுமுறை அதனுள் அமுங்கிப்போகிறது. இதிற் கணிதப் பிழை எதுவுமில்லை. ஒரு தெரிவு உண்டு.

நிறையிடலைத் தவிர்த்தலும் தீர்வாகாது. நிறையிடாத சராசரியும் யாவற்றுக்கும் சமநிறை அளித்த சராசரியேயன்றி வேறன்று. வேண்டுவது, நிறைகள் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுதலும், வருமானப் பிரிவுகளுக்குத் தனித்தனிச் சுட்டெண்கள் கணிக்கப்படுதலுமாம். சம்பளமும் நிவாரணமும் ஓர் எண்ணைக் கொண்டு தீர்மானிக்கப்படும்போது, அவ்வெண் யாருடைய செலவை நிறுத்துப் பெறப்பட்டது என்று கேட்கும் உரிமை அதனால் வாழ்வோருக்கும் உண்டு.