பழைய கம்ப்யூட்டரில் எஸ்.எஸ்.டி: வேகத்துக்கு ஒன்று, ஆல்பத்துக்கு ஒன்று!

ஸ்விட்சைப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்தாலும் இன்னும் தயாராகாத கம்ப்யூட்டர் பல வீடுகளில் உண்டு. 'பழசாகிவிட்டது, புதுசு வாங்கலாம்' என்று முடிவெடுக்கும் முன், உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைக் கவனிப்பது நல்லது. பல நேரங்களில் தாமதத்துக்குக் காரணம் அதுதான்.

ஏன் இந்தத் தாமதம்?

ஹார்ட் டிஸ்க்கில் காந்தப் பூச்சு கொண்ட தட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல்கின்றன. ஒரு சிறு முனை அவற்றின்மேல் அங்குமிங்கும் நகர்ந்து தகவலைத் தேடி எடுக்கிறது. 1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்ட் டிஸ்க்கை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து அடிப்படை இதுதான். விண்டோஸ் தொடங்கும்போது ஏராளமான சிறு ஃபைல்கள் தேவைப்படும். ஒவ்வொன்றுக்கும் முனை இடம் மாற வேண்டும். நேரம் அங்கேதான் போகிறது.

எஸ்.எஸ்.டி-யில் சுழலும் பாகமே கிடையாது. பென் டிரைவ் போல மெமரி சிப்கள்தான். அதனால் தேடும் நேரம் மிகமிகக் குறைவு.

எதை எங்கே வைக்கலாம்?

ஒரே அளவு இடத்துக்கு ஹார்ட் டிஸ்க்கைவிட எஸ்.எஸ்.டி-யின் விலை அதிகம். எனவே இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வது சிக்கனம். விண்டோஸையும் அன்றாடம் திறக்கும் சாஃப்ட்வேர்களையும் 256 அல்லது 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி-யில் போடலாம். போட்டோ, வீடியோ, பாட்டு எல்லாம் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். படம் பார்க்க அதன் வேகமே தாராளம்.

வாங்கும் முன்...

டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் சாட்டா எஸ்.எஸ்.டி-யை எளிதாகச் சேர்க்கலாம். லேப்டாப் என்றால் எம்.2 ஸ்லாட் இருக்கிறதா, அது சாட்டா வகையா என்.வி.எம்.இ. வகையா என்று பார்க்க வேண்டும். ஸ்லாட் இல்லாத சில பழைய லேப்டாப்களில், டி.வி.டி. டிரைவைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் கேடி என்ற சட்டத்தைப் பொருத்தி, ஹார்ட் டிஸ்க்கை அதற்கு மாற்றலாம்.

இரண்டு இருந்தால் பத்திரமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இரண்டு டிஸ்க் இருந்தாலும், ஒவ்வொரு போட்டோவும் ஓரிடத்தில்தான் இருக்கிறது. ஹார்ட் டிஸ்க் பழுதாகும் முன் சில நேரம் 'டிக் டிக்' சத்தம் கொடுக்கும். எஸ்.எஸ்.டி. சத்தமே இல்லாமல் நின்றுவிடலாம். அதில் அழித்த ஃபைல்களை மீட்பதும் மிகக் கடினம். மின்னல், மின்னழுத்த ஏற்றம் என்றால் இரண்டுமே ஒன்றாகப் போகலாம்.

ஆகவே, கல்யாண ஆல்பம், குழந்தையின் முதல் நடை, தாத்தாவின் குரல் போன்றவற்றுக்கு இன்னொரு பிரதி கம்ப்யூட்டருக்கு வெளியே அவசியம். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோ, கிளவுடோ எதுவானாலும் சரி. அந்தப் பிரதி திறக்கிறதா என்று பார்த்த பிறகே மெக்கானிக்கிடம் கம்ப்யூட்டரைக் கொடுக்க வேண்டும். வேகம் குறைந்தால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தாத்தாவின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.