கட்டில் வெடித்தால் டிராகன் சாகும்!

உங்கள் வீட்டில் பன்னிரண்டு, பதினான்கு வயதில் ஒரு பிள்ளையோ பெண்ணோ இருந்தால், கம்ப்யூட்டர் திரையில் சதுரம் சதுரமாக மரங்களும், சதுர முகத்தோடு ஆடுகளும், சதுரச் சூரியனும் தோன்றுகிற ஒரு விளையாட்டை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். "என்னடா இது, செங்கல் அடுக்குகிறாயா?" என்று கேட்டும் இருப்பீர்கள். "மைன்கிராஃப்ட் அம்மா!" என்று பதில் வந்திருக்கும். அதற்குமேல் விளக்கம் கேட்க உங்களுக்கும் நேரமில்லை. சொல்ல அவனுக்கும் பொறுமையில்லை. அந்த விளக்கத்தை நாம் இப்போது பார்த்து விடலாம். ஏனென்றால், அந்தச் செங்கல் விளையாட்டுக்குள்ளே ஒரு பந்தயம் நடக்கிறது. அந்தப் பந்தயத்துக்குள்ளே ஒரு தர்ம சங்கடமும் இருக்கிறது.

சுவீடன் தேசத்தைச் சேர்ந்த மார்க்கஸ் பெர்சன் என்பவர் 2009-ஆம் வருஷம் மே மாதம் இந்த விளையாட்டின் முதல் உருவத்தை வெளியிட்டார். 2011 நவம்பரில் முழு உருவம் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் கம்பெனி இதை உருவாக்கிய நிறுவனத்தை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-க்குள் முப்பது கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றாகி விட்டது. உலகத்தில் வேறெந்த வீடியோ விளையாட்டும் விற்பனையில் இதை மிஞ்சியதில்லை என்று சொல்கிறார்கள்.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஆளில்லாத ஒரு காட்டில், கையில் ஒன்றுமில்லாமல், நீங்கள் நிற்கிறீர்கள். மரத்தை வெட்டி, கல்லைத் தோண்டி, பசிக்கு ஏதாவது தேடிப் பிழைக்க வேண்டும். இருட்டினால் பூதங்கள் கிளம்பும். அதற்குள் ஒரு குடிசை கட்டிக்கொள்ள வேண்டும். பிறகு பாதாள லோகம் ஒன்று இருக்கிறது. 'நெதர்' என்று பெயர். அங்கே போய் நெருப்புப் பூதங்களைக் கொன்று அவற்றின் கோல்களைப் பறிக்க வேண்டும். 'எண்டர் முத்து' என்ற அபூர்வமான முத்துக்களைச் சேர்க்க வேண்டும். கோலைப் பொடித்து முத்தோடு சேர்த்தால் 'எண்டர் கண்' கிடைக்கும். அந்தக் கண்ணை ஆகாயத்தில் வீசினால், பூமிக்கடியில் புதைந்திருக்கும் ஒரு கோட்டை இருக்கும் திசையில் பறந்து வழி காட்டும். கோட்டைக்குள்ளே பன்னிரண்டு குழிகள் கொண்ட ஒரு வாசல். பன்னிரண்டிலும் கண் பதித்தால் கதவு திறக்கும். அதற்கு அப்பால் ஆகாயத்தில் மிதக்கும் ஒரு தீவு. அதில் ஒரு கறுப்பு டிராகன். அதைக் கொன்றால் ஆட்டம் முடிந்தது.

நமது பாட்டிமார் சொல்லும் ஏழு கடல் ஏழு மலை தாண்டிய கதையைப் போல் இருக்கிறது, இல்லையா? முதல் தடவை ஆடுகிற பிள்ளைக்கு இது முடியப் பல நாட்கள் ஆகும், வாரக்கணக்கிலும் ஆகும். ஆனால் இதைப் பத்து நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள்! அந்த விளையாட்டில் பகல் வெளிச்சம் என்பது நம்முடைய கடிகாரப்படி பத்து நிமிடம். அதாவது, காலையில் காட்டில் கண் விழித்து, பாதாளம் போய், பூதங்களைக் கொன்று, கோட்டையைக் கண்டுபிடித்து, டிராகனையும் முடித்துவிட்டு, அன்றைய பொழுது சாய்வதற்குள் ஆட்டத்தையே முடித்து விடுகிறார்கள். இவர்களுக்கு 'ஸ்பீட்ரன்னர்கள்' என்று பெயர். வேக ஓட்டக்காரர்கள் என்று நாம் வைத்துக்கொள்ளலாம்.

எப்படி முடிகிறது? இங்கேதான் கட்டில் வருகிறது.

விளையாட்டில் மூன்று மரப் பலகையும் மூன்று கம்பளியும் சேர்த்தால் ஒரு கட்டில் ஆகும். இரவில் படுத்துத் தூங்குவதற்கு. பாதாளத்திலும் டிராகன் தீவிலும் யாரும் சுகமாகத் தூங்கி விடக்கூடாது என்று விளையாட்டைச் செய்தவர்கள் நினைத்தார்கள். அங்கே கட்டிலைப் போட்டுப் படுக்கப் போனால் அது வெடிக்கும்படி வைத்தார்கள். சாதாரண வெடியல்ல, விளையாட்டில் உள்ள டைனமைட்டைவிடப் பலமான வெடி. சோம்பேறிக்கு ஒரு தண்டனை, அவ்வளவுதான் அவர்கள் எண்ணம். வேக ஓட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வழியில் தென்படும் கிராமத்தில் புகுந்து, வீடு வீடாகக் கட்டில்களைத் தூக்கிக்கொண்டார்கள். (அந்த வீட்டுப் பெண்மணிகளை நினைத்தால் நமக்குப் பாவமாகத்தான் இருக்கிறது.) டிராகன் தீவின் நடுவிலுள்ள தூணில் வந்து இறங்கும் சமயம் பார்த்து, அதன் தலைக்குக் கீழே கட்டிலைப் போட்டு, தாம் ஒரு கல்லுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, படுப்பதுபோல் ஒரு பாவனை! கட்டில் வெடிக்கிறது. மறுபடி ஒரு கட்டில். மறுபடி ஒரு வெடி. வில்லும் அம்பும் வைத்துக்கொண்டு அரை நாழிகை போராட வேண்டிய மிருகம் சில விநாடிகளில் தொலைகிறது. விநாடி தவறினால் தொலைவது ஆட்டக்காரர். அவ்வளவு நேரப் பாடும் வீண்.

பாதாளத்துக்குப் போகும் வாசலுக்கு 'அப்சிடியன்' என்ற கருங்கல் வேண்டும். அதை வெட்டி எடுக்க வைரக் குந்தாலி தேவை. வைரம் தேட நேரமாகும். ஆனால் எரிமலைக் குழம்பின்மேல் தண்ணீர் பட்டால் அது அப்சிடியனாக இறுகி விடும். அதனால் வாசல் இருக்க வேண்டிய இடத்திலேயே வாளி வாளியாகக் குழம்பை ஊற்றித் தண்ணீரைக் காட்டி, அச்சில் வார்ப்பதுபோல் வாசலையே வார்த்து விடுகிறார்கள். இட்லித் தட்டில் மாவு ஊற்றுகிற லாகவத்தோடு இதை ஓர் இளைஞர் செய்வதைப் பார்த்தபோது நமக்கே கை தட்டத் தோன்றியது.

இதெல்லாம் விதிக்கு உட்பட்ட சாமர்த்தியம். விளையாட்டு அனுமதித்ததைத்தான் செய்கிறார்கள்; அனுமதித்தவர்கள் நினைத்த காரியத்துக்காக அல்ல, அவ்வளவே. இதற்கு அடுத்தபடியாக ஒன்று இருக்கிறது. அதுதான் 'கிளிட்ச்'. அதாவது, விளையாட்டை எழுதியவர்கள் அறியாமல் விட்டுவிட்ட ஓட்டை.

ஓர் உதாரணம் சொல்கிறோம். உங்கள் வீட்டில் இரண்டு கணக்கு நோட்டுகள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பீரோவில் உள்ள பணத்துக்கு. மற்றொன்று கைப்பையில் உள்ள பணத்துக்கு. கைப்பையிலிருந்து நூறு ரூபாயை எடுத்துப் பீரோவில் வைக்கிறீர்கள். பீரோ நோட்டில் வரவு எழுதியாயிற்று. கைப்பை நோட்டில் செலவு எழுதப் போகும்போது விளக்கு அணைந்து விடுகிறது. மறுநாள் நோட்டுகளைப் பார்த்தால் பீரோவிலும் நூறு, கைப்பையிலும் நூறு! நமது வீட்டில் பணத்தை எண்ணிப் பார்த்தால் உண்மை தெரிந்து விடும். கம்ப்யூட்டரிலோ பணம் என்று தனியாக ஒன்று கிடையாது. நோட்டில் எழுதியிருப்பதுதான் பணம். மைன்கிராஃப்டில் உலகத்தின் கணக்கு ஒரு கோப்பிலும், ஆட்டக்காரரின் பைக் கணக்கு இன்னொரு கோப்பிலும் எழுதப்படுகின்றன. ஒன்று எழுதி மற்றொன்று எழுதாத அந்த இடைவெளியில் ஆட்டத்தைச் சட்டென்று நிறுத்தினால், பெட்டியில் வைத்த பொருள் பெட்டியிலும் இருக்கும், பையிலும் இருக்கும். ஒரு முத்து இரண்டு முத்தாகும். நேரம் பிசகினால் இரண்டு இடத்திலும் இல்லாமல் போவதும் உண்டு! பொருளை இரட்டிக்கும் இம்மாதிரி ஓட்டைகள் பல கண்டுபிடிக்கப்பட்டன, சில அடைக்கப்பட்டன, சில இன்னும் அடைபடாமலே இருக்கின்றன.

இன்னொன்று, பாதாளத்தின் கூரை. அந்த உலகத்துக்கு மேலே உடைக்க முடியாத கல்லால் ஆன விதானம் உண்டு. அதற்கு மேலே போக யாருக்கும் வழி வைக்கவில்லை. ஆனால் விதானத்தை ஒட்டி ஓர் ஏணி வைத்து, உச்சியில் நின்று, எண்டர் முத்தை மேல்நோக்கி எறிந்தால் ஆள் கல்லுக்கு மேலே போய் விழுகிறான். மேலே நெருப்பு இல்லை, குழி இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் சமவெளி. அங்கே ஓரடி நடந்தால் மேலுலகில் எட்டு அடி நடந்ததற்குச் சமம். திருட்டுப் பாதைக்கு இதைவிட வசதி வேண்டுமா?

இது ஏமாற்று இல்லையா என்று சகோதரிகள் கேட்பது நமக்குக் கேட்கிறது. வேக ஓட்டக்காரர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள்ளேயே பல வருஷமாகக் கேட்டுப் பதிலும் கண்டிருக்கிறார்கள். ஓட்டைகளைப் பயன்படுத்தும் ஓட்டம் ஒரு பட்டியல். ஓட்டைகளைத் தொடாத ஓட்டம் வேறொரு பட்டியல். எல்லோருக்கும் ஒரே உலகத்தைக் கொடுத்து ஒத்திகை பார்த்து ஓடுவது ஒன்று. ஒவ்வொரு தடவையும் முன்பின் தெரியாத புது உலகத்தில் ஓடுவது இன்னொன்று. மைன்கிராஃப்டில் அதிகப் பேர் மதிப்பது, புது உலகத்தில் ஓட்டையைத் தொடாமல் ஓடும் ஓட்டத்தைத்தான். எந்தப் பட்டியலில் ஓடுகிறோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் அதில் ஒளிவுமறைவு ஏது? ஓட்டையைப் பயன்படுத்துகிறவர் அதை எப்படிச் செய்தார் என்று ஊருக்கெல்லாம் விளக்கியும் சொல்கிறார். திருடன் அப்படிச் சொல்வானா?

புது உலக ஓட்டத்தில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. அதனால் ஆரம்பம் சரியில்லையென்றால் உடனே கலைத்துவிட்டு வேறோர் உலகத்தைத் தொடங்குகிறார்கள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான உலகங்கள் இப்படிக் கலைக்கப்படும். பாதாளத்திலே பன்றி முகத்தார் என்று ஒரு கூட்டம். பொன் கட்டியைப் போட்டால் பதிலுக்கு ஏதாவது பொருள் தருவார்கள். 2020 ஜூனில் வந்த 1.16 என்ற பதிப்பில்தான் இந்தப் பண்டமாற்று சேர்ந்தது. நூறு தடவை பொன் போட்டால் சுமார் ஐந்து தடவை முத்து வரும். அடுத்துச் செய்த திருத்தத்தில் அதையும் பாதிக்கு மேல் குறைத்து விட்டார்கள். ஆகையால் ஓட்டக்காரர்கள் பழைய 1.16.1 பதிப்பையே பிடித்துக்கொண்டு விடாமல் ஓடலானார்கள்.

இந்த முத்து விவகாரத்தில்தான் 2020-ஆம் வருஷக் கடைசியில் பெரிய புயல் வீசியது. 'ட்ரீம்' என்ற புனைபெயர் கொண்ட அமெரிக்க இளைஞர், லட்சோபலட்சம் ரசிகர்கள் உடையவர், அந்த அக்டோபரில் நேரடி ஒளிபரப்பாகச் சில ஓட்டங்கள் ஓடினார். ஒன்று பட்டியலில் முன்வரிசையிலும் ஏறிற்று. நடுவர்கள் கணக்குப் பார்த்தார்கள். இந்த நடுவர்கள் சம்பளம் வாங்குகிறவர்கள் அல்ல. விளையாட்டின் மேலுள்ள ஆசையால் உழைக்கும் இளைஞர்கள். ஆறு ஒளிபரப்புகளில் 262 தடவை பொன் போட்டிருக்கிறார். 42 தடவை முத்து வந்திருக்கிறது. நியாயமாக வர வேண்டியது பன்னிரண்டு, பதின்மூன்று. நெருப்புப் பூதங்கள் 305 செத்ததில் 211 கோல் கொடுத்திருக்கின்றன. அது பாதிக்குப் பாதிதான் கொடுக்கும். இப்படி அதிர்ஷ்டம் வாய்க்க ஏழரை லட்சம் கோடியில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு என்று 29 பக்கத்தில் அறிக்கை எழுதி டிசம்பரில் வெளியிட்டார்கள். ஓட்டம் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

இளைஞர் மறுத்தார். பெயர் வெளியிடாத ஒரு நிபுணரைக் கொண்டு எதிர் அறிக்கையும் கொடுத்தார். ரசிகர்கள் நடுவர்களைத் தாறுமாறாக ஏசினார்கள். ஆனால் 2021 மே மாதம் அவரே ஒப்புக்கொண்டார்: வாய்ப்புகளை மாற்றும் ஒரு துணை நிரல் அந்த ஓட்டங்களின்போது தம் கம்ப்யூட்டரில் இருந்தது உண்மைதான், அது தமக்கு அப்போது தெரியாது என்று. நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். கட்டிலை வெடிக்க வைத்தவரைப் பாராட்டிய அதே நடுவர்கள்தான் இவருடைய ஓட்டத்தைத் தள்ளினார்கள் என்பதைக் கவனியுங்கள். விளையாட்டு எப்படி இருக்கிறதோ அப்படியே எடுத்துக்கொண்டு அதில் வழி கண்டவருக்கு மரியாதை. விளையாட்டையே ரகசியமாக மாற்றி வைத்துக்கொண்டால் இடமில்லை. அதற்குப் பிறகு, ஓட்டத்தின் படத்தோடு அந்த உலகத்தின் கோப்புகளையும் ஒப்படைக்கச் சொல்கிறார்கள்.

இந்த வேக ஓட்டம் மைன்கிராஃப்டோடு பிறந்ததல்ல. 1997-இலேயே 'குவேக்' என்ற விளையாட்டை, மிகக் கடினமான நிலையில், ஒரு குழுவினர் 19 நிமிடம் 49 விநாடியில் முடித்துக் காட்டினார்கள். 2010 ஜனவரியில் அமெரிக்காவில் சிலர் சேர்ந்து, இப்படி ஓடுவதை மக்கள் பார்க்கட்டும், பார்த்துவிட்டுத் தர்ம காரியத்துக்குப் பணம் கொடுக்கட்டும் என்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். முதலில் நடத்த இருந்த ஹோட்டலில் இணையத் தொடர்பு சரிப்படவில்லை. உடனே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஏற்பாட்டாளரின் தாயார் வீட்டு நிலவறைக்கு எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள். அந்த அம்மாள் என்ன சொன்னாரோ! நிலவறையில் ஆடியே பத்தாயிரம் டாலருக்கு மேல் திரட்டி விட்டார்கள். 'கேம்ஸ் டன் குவிக்' என்ற அந்த விழா இன்று வருஷத்துக்கு இரண்டு தடவை, ஒரு வாரம் இரவு பகலாக நடக்கிறது. குளிர்காலத்தில் சேரும் பணம் புற்றுநோய்த் தடுப்பு நிதிக்கும், கோடையில் சேருவது எல்லைகளற்ற டாக்டர்கள் சங்கத்துக்கும் போகின்றன. ஒரே விழாவில் பத்து லட்சம் டாலரைத் தாண்டுவது இப்போது சகஜம்.

2019 முதல் பெண் ஓட்டக்காரர்களுக்கென்றே 'ஃபிரேம் ஃபேட்டல்ஸ்' என்ற பெயரில் தனி விழாவும் நடத்துகிறார்கள். இந்த ஓட்டங்களெல்லாம் வீடியோப் படங்களாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாலையில் பிள்ளையை அழைத்து, "அந்தக் கட்டில் வெடிக்கிறதை எனக்குக் காட்டு, பார்க்கலாம்" என்று கேட்டுப் பாருங்கள். அவன் முகத்தில் தோன்றும் ஆச்சரியத்துக்காகவாவது கேட்கலாம்.