அணிகேமராக் காட்சிப்பதிவுகளை ஒழுங்குபடுத்தலும் பாதுகாத்தலும்: பத்துமலைத் தைப்பூசக் களப்பணியை முன்வைத்து

முன்னுரை

சமயச் சடங்குகளையும் வாய்மொழி வழக்காறுகளையும் ஆராய்வோர்க்குக் காட்சிப்பதிவு இன்றியமையாத சான்றாகும். செலாயாங் நகராண்மைக் கழக எல்லைக்குள் அமைந்துள்ள பத்துமலையில் ஆண்டுதோறும் நிகழும் தைப்பூச விழா, மலேசியத் தமிழரின் வழிபாட்டு மரபை ஆராய்வதற்குரிய தலையாய களங்களுள் ஒன்று. எனினும் 272 படிகளிலும் மக்கள் நெருங்கி ஏறும் வேளையில் கேமராவைக் கையில் ஏந்தி நிற்றல் அரிது. காவடி எடுப்போர்க்கும் அஃது இடையூறாகும். மார்பிலோ தலையிலோ அணிந்துகொள்ளும் சிறு கேமரா இக்குறையைப் பெருமளவு நீக்குகின்றது. இதனை நாம் இங்கு அணிகேமரா எனக் குறிப்போம்.

அணிகேமராவால் பதிவு செய்தல் எளிது. பதிவு செய்ததைப் பின்னர்த் தேடி எடுத்தலும், பத்தாண்டு கடந்தும் அது திறக்கும் என உறுதிசெய்தலும் எளியனவல்ல. இவ்விரண்டிற்குமான நடைமுறைகளை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அணிகேமராவின் இயல்பு

அணிகேமரா என்னும் கருத்து புதியதன்று. அமெரிக்க அறிவியலாளர் வானவர் புஷ் 1945ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், வருங்கால ஆய்வாளர் நெற்றியில் அணியும் சிறு கேமராவைக் கற்பனை செய்ததோடு, சேர்ந்த ஆவணங்களைத் தேடி எடுக்கும் பொறியொன்றையும் உடன் கற்பனை செய்தார். 2000ஆம் ஆண்டுகளில் கோர்டன் பெல் தம் வாழ்க்கை ஆவணங்கள் அனைத்தையும் கணினியில் சேர்க்க முனைந்த 'மைலைஃப்பிட்ஸ்' என்னும் திட்டம் அக்கற்பனையை அடியொற்றியது. பதிவும் மீட்பும் ஒன்றைவிட்டு ஒன்று நில்லா என்பதை இவ்விரு முயற்சிகளும் உணர்த்துகின்றன.

கையில் ஏந்தும் கேமராவால் பதிவு செய்பவர் எதனை எடுப்பது, எதனை விடுவது என்று அவ்விடத்திலேயே தீர்மானிக்கின்றார். அணிகேமராவோ அணிந்தவர் திரும்பும் திசையெல்லாம் பதிகின்றது. எனவே தெரிவு செய்யும் பொறுப்பு களத்திலிருந்து மேசைக்கு மாறுகின்றது. இதன் அளவை ஒரு கணக்கால் அறியலாம். நொடிக்கு 60 மெகாபிட் வீதம் பதியும் கேமரா ஒரு மணி நேரத்தில் 27 கிகாபைட் இடத்தை நிரப்பும். எட்டு மணி நேரக் களப்பணிக்கு 216 கிகாபைட் தேவைப்படும். மூன்று மாணவர்கள் அணிந்து சென்றால் ஒரே நாளில் 648 கிகாபைட் சேர்ந்துவிடும்.

கோப்பின் பெயரும் நேரமும்

நினைவட்டைகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஃபேட்32 என்னும் அமைப்பில் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. ஆதலால் பல கேமராக்கள் நீண்ட பதிவைத் துண்டுகளாகப் பிரித்தே சேமிக்கின்றன. கோப்ரோ நிறுவனத்தின் அண்மைக்காலக் கேமராக்களில் துண்டின் எண் முன்னும் பதிவின் எண் பின்னும் நிற்கும். 'ஜிஎக்ஸ்010123' என்பது 0123ஆம் பதிவின் முதல் துண்டு. 'ஜிஎக்ஸ்020123' அதன் இரண்டாம் துண்டு. பெயர் வரிசையில் அடுக்கினால் இவ்விரண்டிற்கும் இடையே 0124, 0125ஆம் பதிவுகளின் முதல் துண்டுகள் புகுந்துவிடும். ஆற்றங்கரையில் தொடங்கிய காவடி குகை வாயிலை அடையும் முன் வேறொரு காவடியாக மாறித் தோன்றுவதற்கு இதுவே காரணம்.

ஆகவே கணினிக்கு மாற்றிய உடனே கோப்புகளுக்குப் புதுப்பெயர் இடுதல் வேண்டும். ஆண்டு, மாதம், நாள், இடம், அணிந்தவர் குறியீடு, பதிவு எண், துண்டு எண் என்னும் வரிசை ஏற்புடையது. 2025ஆம் ஆண்டுத் தைப்பூசப் பதிவு '2025-02-11' என்று தொடங்கினால் கோப்புகள் தாமே கால வரிசையில் நிற்கும். கேமரா இட்ட பழைய பெயரையும் பட்டியலில் குறித்து வைத்தல் நன்று.

நேரத்தில் மற்றொரு சிக்கல் உண்டு. எம்பி4 கோப்பின் உள்ளே பதியும் நேரம் உலகப் பொது நேரமாக இருத்தல் வேண்டும் என்பது விதி. கேமராக்கள் பல உள்ளூர் நேரத்தையே பதிகின்றன. அதனைப் பொது நேரமெனக் கொள்ளும் மென்பொருள் மலேசிய நேரத்திற்காக மேலும் எட்டு மணியைக் கூட்டிவிடும். இரவு 10 மணிக்கு எடுத்த வெள்ளி ரதப் பதிவு மறுநாள் காலை 6 மணிக்குரியதாகத் தோன்றும். நாளே மாறிவிடுவதால் சடங்கின் வரிசையும் குலையும். பதிவைத் தொடங்குமுன் கைப்பேசியின் கடிகாரத்தைக் கேமராவிற்குச் சில நொடிகள் காட்டுதல் இதற்கு எளிய தீர்வாகும்.

நாள் தவறிய பழைய பதிவுகளுக்குக் காட்சியே சான்று தரும். 42.7 மீட்டர் உயர முருகன் சிலை 2006 ஜனவரியில் திறக்கப்பட்டது. படிகள் 2018 ஆகஸ்டில் பல வண்ணம் பெற்றன. வண்ணமற்ற படிகளுடன் சிலை தென்படும் பதிவு இவ்விரு காலங்களுக்கு இடைப்பட்டது என உய்த்துணரலாம்.

விவரக்குறிப்பு

பெயரும் நாளும் செம்மையாக அமைந்தாலும் பதிவு தன்னைத்தானே விளக்காது. இதனை நாம் நம் தவற்றினாலேயே கற்றோம். ஒரு தைப்பூசத்தின்போது ஆற்றங்கரையில் முதிய அம்மையார் ஒருவர் தம் பேரனின் காவடிக்கு முன் நின்று வேண்டுதற் பாடலொன்றைப் பாடினார். நாம் அணிந்திருந்த கேமராவில் அது நான்கு நிமிடம் பதிந்தது. அச்சுநூல்களில் நாம் காணாத பாடல் அது. பதிவுகளை நாம் திறந்து பார்த்ததோ மூன்று வாரங்களுக்குப் பின்னர். அவர் பெயரையோ ஊரையோ நாம் எழுதி வைக்கவில்லை. மறு ஆண்டு அதே கரையில் தேடியும் அவரைக் காண இயலவில்லை. அவர் ஒப்புதலின்றி அப்பாடலை வெளியிடுதல் முறையன்று. அவர் குடும்பத்தாரிடம் ஒரு படியைச் சேர்க்கவும் வழியில்லை. கோப்பு பழுதின்றி இருக்கின்றது. ஆயினும் அஃது எவர்க்கும் பயன்படாது கிடக்கின்றது.

இவ்விழப்பைத் தவிர்க்க, களத்திலிருந்து திரும்பிய அன்றிரவே ஒவ்வொரு பதிவிற்கும் ஐந்து விவரங்களை எழுதுதல் வேண்டும்: யார், எங்கே, எப்போது, என்ன நிகழ்ந்தது, ஒப்புதல் பெறப்பட்டதா என்பன அவை. இவற்றை ஒருங்குறி எழுத்துருவில், எளிய உரைக்கோப்பாகச் சேமித்தல் நலம். ஒருங்குறிக்கு முந்திய எழுத்துருக்களில் தட்டச்சிட்ட நம் கட்டுரைகள் இன்று அவ்வெழுத்துருக்கள் இல்லாத கணினிகளில் குறிகளின் குவியலாகத் தோன்றுவதை நாம் அறிவோம். விவரக்குறிப்பிற்கும் அந்நிலை நேர்தல் ஆகாது.

படிகளும் பாதுகாப்பும்

1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாதவை மீளவே இல்லை. ஒரே படியாக உள்ள எதுவும் பாதுகாக்கப்பட்டதன்று என்பதே தமிழர் அதிலிருந்து பெறும் பாடமாகும்.

மூன்று படிகள், இருவகைச் சாதனங்கள், ஒரு படி வேறிடத்தில் என்னும் விதி இன்று பரவலாகப் பின்பற்றப்படுகின்றது. ஒரு படி பணிக்கணினியிலும், ஒன்று தனி வன்தட்டிலும், ஒன்று இணையச் சேமிப்பகத்திலோ வேற்றூரில் உள்ள நிறுவனத்திலோ இருக்கலாம். 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் பெருகிய வெள்ளம் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் உள்ளே புகுந்ததை நாம் கண்டோம். அத்தகைய வீட்டின் ஒரே அலமாரியில் இருக்கும் இரு வன்தட்டுகள் ஒரு படிக்கே ஒப்பாகும்.

படியெடுத்தபின் மூலமும் படியும் ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். எஸ்எச்ஏ-256 போன்ற முறைகள் கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து ஓர் அடையாளத் தொடரைக் கணித்துத் தரும். கோப்பில் ஒரு பிட் மாறினும் அத்தொடர் மாறிவிடும். இரு படிகள் இவ்வாறு உறுதிப்பட்ட பின்னரே நினைவட்டையை அழித்தல் தகும். ஆண்டுக்கொரு முறையேனும் வன்தட்டுகளை இயக்கி அத்தொடர்களை மீண்டும் ஒப்பிடுதலும், சில ஆண்டுகளுக்கொரு முறை புதிய வன்தட்டிற்கு மாற்றுதலும் தேவை. பார்வைக்கெனத் தெளிவு குறைந்த சிறு படிகளை உருவாக்கிக்கொண்டால் மூலத்தைத் தொடாமலேயே ஆய்வு செய்யலாம்.

ஒப்புதலும் அணுக்கமும்

அணிகேமரா பிறர் அறியாமலேயே அவரைப் பதியவல்லது. ஆற்றில் நீராடும் பெண்களும் அருள்வந்து ஆடுவோரும் சிறுவரும் அதில் அடங்குவர். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிக நடவடிக்கைகளுக்கே உரியதாயினும், சமய நம்பிக்கையைத் தனிக் கவனத்திற்குரிய தரவாக அது வகுத்திருப்பது நமக்கும் வழிகாட்டும். எனவே பொதுப்பார்வைக்கு உரியவை, ஆய்வாளர்க்கு மட்டும் உரியவை, எவர்க்கும் காட்டலாகாதவை எனப் பதிவுகளை மூவகையாகப் பிரித்து, அவ்வகையை விவரக்குறிப்பிலேயே எழுதுதல் வேண்டும். வைத்திருக்கத் தகாதவற்றை அழிப்பதும் பாதுகாப்புப் பணியின் ஒரு கூறேயாகும்.

முடிவுரை

பெயரிடல், நேரம் திருத்தல், விவரம் எழுதல், படியெடுத்தல், ஒப்புதல் குறித்தல் ஆகிய ஐந்தும் அணிகேமராப் பதிவை ஆய்வுச் சான்றாக்குகின்றன. இவற்றுள் முதல் நாளிலேயே முடிக்க வேண்டியது விவரக்குறிப்பாகும். ஏனையவற்றைத் தாமதித்தேனும் செய்யலாம். மறந்த பெயரை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது. களத்திற்குச் செல்லும் மாணவர் கேமராவுடன் ஒரு குறிப்பேட்டையும் எழுதுகோலையும் எடுத்துச் செல்வாராக.