தராசை ஏமாற்றலாம், உடலை ஏமாற்றலாமா?

தாம்பரத்திலும் அதைச் சூழ்ந்த குரோம்பேட்டை, பல்லாவரம், சேலையூர், மேடவாக்கம் முதலிய பகுதிகளிலும் விளையாட்டில் நாட்டங் கொண்ட பிள்ளைகளுக்குக் குறைவில்லை. வண்டலூரை அடுத்த மேலக்கோட்டையூரில், 2004-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய விளையாட்டுப் பல்கலைக்கழகமே அமைந்திருக்கிறது. ஓடியாடி வளரும் பிள்ளையைக் கண்டு மகிழாத பெற்றோர் உண்டோ? ஆயினும், அந்த மகிழ்ச்சியோடு ஒரு செய்தியையும் நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

குத்துச்சண்டை, மல்யுத்தம், ஜூடோ, பளு தூக்குதல் ஆகியவற்றில் வீரர்கள் எடைப் பிரிவுகளாகப் பிரிக்கப்படுகின்றனர். கபடிக்கும் எடை வரம்பு உண்டு. போட்டிக்கு முன் தராசில் ஏறி நிற்க வேண்டும். குறித்த எடைக்குச் சற்று மேற்பட்டாலும் களத்தில் இறங்க முடியாது. அந்தச் "சற்று" எவ்வளவு என்பதை 2024-ஆம் ஆண்டில் பாரதம் முழுவதும் உணர்ந்தது. பாரிஸ் ஒலிம்பிக்கில் 50 கிலோ மல்யுத்தப் பிரிவின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற வினேஷ் போகத், ஆகஸ்டு 7 காலையில் 100 கிராம் எடை கூடியிருந்ததால் தகுதி இழந்தார். முந்தைய நாள் மூன்று ஆட்டங்களுக்குப் பின் அவருடைய எடை வரம்பை விட ஏறத்தாழ 2.7 கிலோ கூடியிருந்தது. இரவெல்லாம் உணவும் நீருமின்றிப் பயிற்சி செய்து, வெந்நீராவி அறையில் வியர்த்து, தலைமுடியையும் வெட்டிப் பார்த்தனர். முடிவில் நீர் வறட்சியால் அவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். வினேஷ் தவறான மருந்து எதையும் நாடியவர் அல்லர். ஆனால் இத்தகைய நெருக்கடியில் அகப்படும் இளைஞருக்கு, "ஒரு மாத்திரை போதும், இரண்டு கிலோ இறங்கிவிடும்" என்று யாராவது காதில் ஓதினால் என்ன ஆகும்? அதைப் பற்றியே இங்கு எழுதுகிறோம்.

மாத்திரை செய்வது என்ன?

நாம் "நீர் மாத்திரை" என்று வழங்குவதை மருத்துவர்கள் சிறுநீர்ப் பெருக்கி என்பர். இரத்த அழுத்தம், இருதய பலவீனம், கால் வீக்கம் ஆகியவற்றுக்கு இது நல்ல மருந்து. நம் இல்லங்களில் பலவற்றில் பாட்டியின் மருந்துப் பெட்டியில் இது இருக்கும். மருத்துவர் கூறிய அளவில் உட்கொள்ளும் பெரியவர்கள் இக்கட்டுரையைப் படித்துவிட்டு அதை நிறுத்திவிடலாகாது. அவர்களுக்கு அது உயிர் காக்கும் துணை.

நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, ஒன்றரை லிட்டர் அளவை மட்டும் வெளியேற்றி, எஞ்சியதை உடலுக்கே திருப்பித் தருகின்றன. உப்பு திரும்பும்போது நீரும் அதனுடன் திரும்புகிறது. நீர் மாத்திரை அந்த உப்பை வழியில் மறித்துவிடுகிறது; உப்போடு நீரும் வெளியேறுகிறது. ஃப்ரூசிமைடு என்னும் மாத்திரையை விழுங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வேலை தொடங்கி, ஆறு மணி நேரம் வரை நீடிக்கும்.

தராசு இறங்குகிறது, உண்மைதான். ஆனால் இறங்கியது கொழுப்பன்று. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். மாத்திரையால் போனதோ ஒரு லிட்டர் நீர்; ஒரு லிட்டர் பருகினால் அந்த ஒரு கிலோ திரும்பி வந்துவிடும். இதற்கிடையில் இரத்தத்தின் அளவு சுருங்குகிறது, இருதயம் விரைந்து துடிக்கிறது, வியர்வை குறைந்து உடற்சூடு ஏறுகிறது. 50 கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோ நீரை இழந்தாலே அது நூற்றுக்கு இரண்டு பங்கு. ஓடியாடும் ஆற்றல் தளர அதுவே போதும். நீரோடு பொட்டாசியம் என்னும் உப்பும் வெளியேறுவதால் தசைகள் சுளுக்கி இழுக்கும். இருதயத் துடிப்பின் ஒழுங்கும் குலையலாம். கத்திரி வெயிலும் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து வியர்வையை உலரவிடாத நம் பகுதியில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது.

பறிபோன பதக்கங்கள்

நீர் மாத்திரை 1988 முதல் விளையாட்டில் தடை செய்யப்பட்டுள்ளது. போட்டி நாளில் மட்டுமன்று, எந்நாளும் அதற்குத் தடையே. எடையைக் குறைப்பது ஒரு காரணம். சிறுநீரை நீர்க்கச் செய்து வேறு ஊக்க மருந்துகளை மறைப்பது மற்றொரு காரணம். அதே 1988-இல் சியோல் ஒலிம்பிக்கில் பல்கேரிய நாட்டுப் பளு தூக்கும் வீரர்கள் கிராப்லெவ், கென்செவ் ஆகிய இருவரின் தங்கப் பதக்கங்கள் இம்மாத்திரையால் பறிபோயின. 2000-இல் சிட்னியில் அந்நாட்டின் மூவர் பதக்கம் இழந்தனர். பெண்கள் பளு தூக்குதலில் ஒலிம்பிக்கின் முதல் தங்கத்தை வென்ற இசபெலா டிராக்னேவாவும் அவர்களுள் ஒருவர்.

எடைப் பிரிவே இல்லாத கிரிக்கெட்டிலும் இது நுழைந்தது. 2003 உலகக் கோப்பைத் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பந்து வீச்சாளர் ஷேன் வார்ன் திருப்பி அனுப்பப்பட்டார். மெலிந்து தோன்றுவதற்காகத் தம் அன்னை தந்த நீர் மாத்திரையை உட்கொண்டதாக அவர் கூறினார். அந்த விளக்கம் அவரைக் காக்கவில்லை. ஓராண்டு விளையாடத் தடை விதிக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2022-ஆம் ஆண்டில் ஊக்கமருந்துத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வீட்டில் எடுத்துக் கொடுத்தார்கள் என்பது மன்னிப்புக்குரிய காரணமாகாது. தன் உடலில் எது சென்றாலும் அதற்கு வீரரே பொறுப்பு.

பதக்கம் போனால் மீண்டும் முயலலாம். உயிர் போனால்? 1992-இல் நெதர்லாந்தில் ஆணழகன் போட்டியில் பங்கேற்ற முகமது பெனாசிசா, போட்டி முடிந்த சில மணி நேரத்தில் இருதயம் நின்று மாண்டார். தசை எடுப்பாகத் தெரிய உடலின் நீரை வற்றச் செய்த மாத்திரைகளே காரணம் என்று பரவலாகக் கூறப்பட்டது. 1997-இல் அமெரிக்காவில் 33 நாட்களுக்குள் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள் இறந்தனர். ரப்பர் உடை அணிந்து, சூடான அறையில் பயிற்சி செய்து, எடை குறைக்க முயன்றவர்கள் அவர்கள். வழி எதுவாயினும், நீரை வற்றச் செய்வதே ஆபத்து என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? அதன்பின் அங்கே ரப்பர் உடைக்கும் சூட்டு அறைக்கும் தடை வந்தது. எடை பார்க்கும் நேரமும் போட்டிக்கு நெருக்கமாக மாற்றப்பட்டது.

மல்லேசுவரி சென்ற வழி

வேறு வழியே இல்லையா? உண்டு. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் பிறந்த கர்ணம் மல்லேசுவரி 1994, 1995 ஆகிய ஆண்டுகளில் 54 கிலோ பிரிவில் உலகப் பட்டம் வென்றார். 1998 ஆசிய விளையாட்டில் 63 கிலோ பிரிவில் வெள்ளி பெற்றார். 2000-இல் சிட்னியில் 69 கிலோ பிரிவில் இறங்கி, மொத்தம் 240 கிலோ தூக்கி, வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. பழைய பிரிவையே பற்றிக்கொண்டு அவர் உடலை வாட்டவில்லை. தம் உடலுக்கு ஏற்ற பிரிவுக்கு உயர்ந்தார். பல்கேரிய நாட்டினர் மாத்திரையால் பதக்கம் இழந்த அதே சிட்னியில்தான் இவர் பதக்கம் ஏந்தினார் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

இல்லத்தார் செய்யத்தக்கவை

வளரும் பிள்ளையின் எடை கூடுவது நோயன்று, வளர்ச்சி. சென்ற ஆண்டின் பிரிவில் இந்த ஆண்டும் அவனை அடைக்க வேண்டுமென்று பயிற்சியாளர் கூறினால், பணிவோடு காரணம் கேளுங்கள். மேல் பிரிவில் ஆடவிட இயலுமா என்றும் வினவுங்கள். எடை குறைத்தே ஆக வேண்டுமெனில், பல வாரங்களுக்கு முன்பே மருத்துவரின் யோசனையோடு உணவைச் சீர்செய்து மெல்லக் குறைக்கட்டும்.

போட்டிக்கு முன் பிள்ளை நீர் அருந்த மறுத்தால், அடிக்கடி தலை சுற்றினால், கெண்டைக்கால் இழுத்தால், நெஞ்சு படபடத்தால், "போட்டிப் பயம்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பாட்டியின் மருந்துப் பெட்டியில் மாத்திரைகள் எண்ணிக்கையோடு இருக்கின்றனவா என்று பார்ப்பது சந்தேகப் புத்தியன்று, பொறுப்பு.

எல்லாவற்றுக்கும் மேலாக, வீட்டில் ஒரு சொல் ஒலிக்கட்டும்: "எடை கூடிப் போட்டியில் நிற்க முடியாமற் போனாலும் பரவாயில்லை, நலமாக வீடு வந்து சேர்." இச்சொல்லைப் பெற்றோர் வாயிலாகக் கேட்ட பிள்ளை, காதில் ஓதப்படும் மாத்திரைப் பேச்சுக்கு எளிதில் செவி சாய்க்க மாட்டான்.