கரவனும் பின்பாரமும்

இங்கிலாந்தில் வாழும் நம் பழைய மாணவருள், காரின் பின்னே பூட்டி இழுக்கும் ‘கரவன்’ என்னும் வீட்டுவண்டியை முதன்முறையாக வாங்குவோர் அதன் மெத்தையையும் அடுப்பையுமே ஆராய்வர். நாம் ஆராயச் சொல்வது பாரத்தை.

மாட்டுவண்டி அறிந்தார்க்கு முன்பாரம், பின்பாரம் என்பன புதியன அல்ல. கரவனுக்கும் அதுவே நியாயம். கனத்த பொருள்களை அச்சுக்கு நேரே, தளத்திலேயே வைத்தல் வேண்டும். மேற்றட்டுகளுக்குத் துணிமணி போதும். கொளுவியை அழுத்தும் முன்பாரம், சுமையேற்றிய கரவனின் நிறையில் நூற்றுக்கு 5 முதல் 7 வரை இருத்தல் நன்று. காருக்கும் கொளுவிக்கும் விதித்த எல்லையை மீறலாகாது. பின்பாரம் மிகுந்தால், வேகத்தில் கரவன் பாம்புபோல் நெளிந்து காரையும் கவிழ்த்துவிடும். அவ்வேளை பிரேக்கை ஓங்கி மிதித்தல் பெருங்கேடு. சுக்கானை நேராகப் பிடித்து, வேகமிதியினின்றும் காலை மெல்ல எடுத்தல் வேண்டும்.

புதியவர்க்கு, சுமையேற்றிய கரவனின் நிறை வெறுங்காரின் நிறையில் நூற்றுக்கு 85க்கு மேற்படாதிருத்தல் தக்கது. கரவன் இழுக்குங்கால் அந்நாட்டு மோட்டார்ப் பெருந்தெருவில் மணிக்கு 60 மைலே எல்லை. ஓடும் கரவனுள் எவரும் இருத்தலாகாது. பிள்ளைகள் கெஞ்சினும் இணங்கற்க.

கொளுவி கழன்றால் கரவனின் பிரேக்கைத் தானே இழுத்துவிடும் மெல்லிய கம்பிவடம் ஒன்றுண்டு. சிறிதாகையால் அதனை மறப்பது எளிது. அதைக் காருடன் பூட்டிய பின்னரே புறப்படுக.