பதினைந்தாவது பெயர்



பள்ளிச் செய்தி என்றால் இந்தப் பகுதியில் நாம் பெரும்பாலும் தமிழ்ப்பள்ளியைப் பற்றித்தான் எழுதுவோம். ஆறாம் ஆண்டோடு நம் கவனம் நின்றுவிடுகிறது. அதன்பிறகு பிள்ளை எந்தப் பள்ளிக்குப் போகிறது, அங்கே என்ன செய்கிறது என்று கேட்டால், "டவுன் ஸ்கூலுக்குப் போவுதுங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஆகவே இந்த வாரம் அப்படிப்பட்ட ஓர் இடைநிலைப்பள்ளிக்கே போய்வந்தோம்.

பள்ளியின் பெயரும் தோட்டத்தின் பெயரும் இங்கே வேண்டாம். எந்த வட்டாரத்திலும் நடக்கக்கூடிய கதைதான் இது. ஒரு வரிசைக் கடை, ஓர் அஞ்சலகம், ஒரு பஸ் நிறுத்தம், இவ்வளவுதான் அந்தப் பட்டணம். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள். கம்பத்து மலாய்ப் பிள்ளைகள், புதுக்கிராமத்துச் சீனப் பிள்ளைகள், தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே கூரையின் கீழ் படிக்கிறார்கள். புகுமுக வகுப்பிலிருந்து ஐந்தாம் படிவம் வரை எல்லாப் படிவத்தையும் கூட்டிப் பார்த்தால் தமிழ்ப் பிள்ளைகள் முப்பதுக்குச் சற்று மேல்.

சிறிய பள்ளி, கலகலப்புக்குக் குறைவில்லை

சிறிய பள்ளி என்பதால் அங்கே ஒரு நன்மை உண்டு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கெந்தின் நடத்தும் அம்மாளுக்கு எந்தப் பிள்ளை காலையில் பசியாறாமல் வந்தது என்பதுகூடத் தெரியும். விளையாட்டுப் போட்டி நாளில் நான்கு இல்லங்களுக்கும் ஆள் பிரிப்பதற்கே பிள்ளைகள் போதவில்லையாம். ஓட்டத்தில் ஓடியவனே குண்டும் எறிகிறான், அவனே கயிறும் இழுக்கிறான். தோட்டத்துப் பையன்களுக்கு ஓடுவதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டுமா? நெடுந்தூர ஓட்டத்தில் முன்னால் வந்தவர்களில் பாதிப்பேர் நம் பிள்ளைகள்தான் என்று கட்டொழுங்கு ஆசிரியரே நம்மிடம் சொன்னார். மற்ற நாளில் அவர்கள் வருவதைத் தூரத்தில் பார்த்தாலே கடிகாரத்தைப் பார்ப்பவராம் அவர்!

தமிழ்மொழிக் கழகம் ஒன்றும் இருக்கிறது. பொங்கலுக்குப் பள்ளித் திடலில் அடுப்பு வைத்து, மலாய்க்காரத் தலைமையாசிரியையின் கையால் அரிசி போட வைத்திருக்கிறார்கள். பால் பொங்கியபோது எல்லா இனப் பிள்ளைகளும் சேர்ந்து குரல் கொடுத்ததாகச் சொன்னார்கள். பேச்சுப் போட்டியும் திருக்குறள் மனனப் போட்டியும் நடந்திருக்கின்றன. பரிசு என்னவோ நோட்டுப் புத்தகமும் பேனாவும்தான். ஆனால் வாங்கிய பிள்ளைகள் அதை இன்னும் எழுதாமல் வைத்திருக்கிறார்களாம்.

இவ்வளவும் கேட்டு மகிழ்ந்துகொண்டிருந்தபோதுதான், கழகத்தைக் கவனித்துக்கொள்ளும் ஆசிரியை மேசை அறையிலிருந்து ஒரு கோப்பை எடுத்தார்.

"கழகம் இருக்குங்க. ஆனா தமிழ் வகுப்பு இல்லை. பதினாலு பேர்தான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இன்னும் ஒண்ணு வேணும்."

பத்தும் பதினைந்தும்

இந்தக் கணக்கைத் தோட்டத்துப் பெற்றோர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நம் நாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. தமிழில் நடக்கும் இடைநிலைப்பள்ளி கிடையாது. அதற்குமேல் தமிழ் என்பது ஒரு பாடம் மட்டும்தான். ஒரு தேசியப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ் வகுப்புக்கு வழி செய்ய வேண்டும் என்று 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் சொல்கிறது. 'பி.ஓ.எல்.' என்று சொல்வார்களே, அந்தத் தாய்மொழி வகுப்பு இதுதான். கேட்க வேண்டியவர் பெற்றோர். அரசாங்கம் வீட்டுக்கு வந்து, "உங்கள் பிள்ளைக்குத் தமிழ் வேண்டுமா?" என்று கேட்காது.

முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருக்கும்போது ஏன் பதினான்கு? ஆசிரியை சொன்ன காரணங்களைக் கேட்டால் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. சில பாரங்கள் இன்னும் புத்தகப் பையின் அடியில் தூங்குகின்றன. சில வீட்டில் அப்பா, "அம்மாகிட்ட கேளு" என்றார், அம்மா, "அப்பாகிட்ட கேளு" என்றார். இன்னும் சிலர், "தமிழ் படிச்சா மார்க்கு கொறஞ்சிடும்" என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டார்கள்.

இப்படித் தலை எண்ணிப் பள்ளி நடத்துவது தோட்டத்துக்குப் புதிதல்ல. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் அந்தத் தோட்டம் பள்ளி வைக்க வேண்டும் என்று எழுதினார்கள். லயத்துக்குப் பக்கத்திலும் ஸ்டோருக்குப் பின்னாலும் நம் தமிழ்ப்பள்ளிகள் பல முளைத்தது அப்படித்தான். 1957-இல் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 500-க்குச் சற்று மேல்தான். தோட்டம் கைமாறியபோது, துண்டாடப்பட்டபோது, சனங்கள் பட்டணம் பார்த்துப் போனபோது பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. அதோடு பள்ளியும் போயிற்று.

கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளி

பக்கத்துச் சிங்கப்பூரில் நடந்ததையும் இங்கே சொல்ல வேண்டும். தமிழ்நாட்டுக் கடையநல்லூரிலிருந்து நெசவுக் குடும்பங்கள் பல சிங்கப்பூருக்கு வந்து, தஞ்சோங் பகார் வட்டாரத்தில் தங்கின. உழைத்துப் பிழைக்க வந்தவர்கள்தான், நம்மைப் போல. அவர்கள் கூடிச் சங்கம் வைத்தார்கள். அதுதான் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக். அந்தச் சங்கம் 1946-இல் தமிழ்ப்பள்ளி ஒன்றைத் தொடங்கி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் பெயரை வைத்தது. 1960-இல் அது உயர்நிலைப்பள்ளி ஆயிற்று. தமிழில் இடைநிலைக் கல்வி தந்த பள்ளி சிங்கப்பூரில் அது ஒன்றுதான். அரசாங்கம் நினைத்துச் செய்ததல்ல அது. உழைக்கும் சனங்கள் தாங்களே எழுப்பியது.

ஆனால் காலம் மாறியது. ஆங்கிலப் பள்ளியில் படித்தால்தான் வேலை என்று பெற்றோர்கள் பிள்ளைகளை அங்கே சேர்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியுமா? வயிற்றுப்பாட்டைப் பார்க்கத்தானே வேண்டும்! வருசத்துக்கு வருசம் பிள்ளைகள் குறைந்து, 1982-இல் அந்த உயர்நிலைப்பள்ளி மூடப்பட்டது. இத்தனைக்கும் அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று! சட்டத்தில் இடம் இருந்தது, பள்ளியும் இருந்தது. வகுப்பில் உட்காரத்தான் ஆள் இல்லை.

அதோடு எல்லாம் முடிந்துவிடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம். அந்தப் புலவரின் பெயரில் சிங்கப்பூரில் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் இருக்கிறது. தங்கள் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாத பிள்ளைகள் அங்கே போய்த் தமிழைப் பாடமாகப் படிக்கிறார்கள். பள்ளி போனாலும் பாடம் பிழைத்தது. நமக்கு இங்கே இருப்பதும் அந்தப் பாடம் மட்டும்தான். அதையும் விட்டால் எதைப் பிடிப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஒரு வீட்டில்

பதினைந்தாவது பெயர் யாருடையதாக இருக்கலாம் என்று ஆசிரியைக்கு ஒரு யோசனை இருந்தது. புகுமுக வகுப்பில் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. தமிழில் நல்ல கெட்டிக்காரி. பாரத்தை மூன்று தடவை கொடுத்தும் திரும்பி வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆசிரியையோடு நாமும் அந்தத் தோட்டத்துக்குப் போனோம்.

தகப்பனார் செம்பனைக் குலை வெட்டுபவர். தாயார் உதிரிப் பழம் பொறுக்குபவர். வாசலில் நாற்காலி போட்டு, தேத்தண்ணி கலக்கிக் கொடுத்து, மரியாதையாகத்தான் பேசினார்கள். பாரத்தைப் பற்றிப் பேச்செடுத்ததும் தகப்பனார் தலையைச் சொறிந்தார்.

"டீச்சர், நீங்க தப்பா நெனைக்கக்கூடாது. தமிழ் வேணாம்னு நாங்க சொல்லலை. ஆறு வருசம் படிச்சிருக்கு. இப்ப மலாய்தான் வராம முழிக்குது. அதுவும் போவட்டும். பஸ்ஸு ஒண்ணரைக்குப் பொறப்பட்டுடும். ஒங்க வகுப்பு மூணு, மூணரை வரைக்கும்ங்கிறீங்க. பொம்பளப் பிள்ளை, செம்பனைக் காட்டு வழியா மூணு மைலு எப்படி நடந்து வரும்? நாளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

உண்மையைச் சொல்கிறோம். நமக்கு உடனே பதில் வரவில்லை. மொழிப்பற்று, இனப்பற்று என்று மேடையில் பேசுவது சுலபம். அந்த மூன்று மைல் பாதைக்கு மேடைப் பேச்சில் பதில் கிடையாது.

அப்போது உள்ளேயிருந்து பிள்ளையின் பாட்டி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். கித்தா மரம் சீவிக் காய்த்த கை. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை படித்தவராம். தங்கச்சியைத் தூக்கிக்கொள்ள ஆள் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள்.

"எனக்கு எழுத்துக் கூட்டத்தான் தெரியும் அய்யா. இப்ப கண்ணும் தெரியலை. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை இந்தப் பேப்பரை எனக்கு வாசிச்சிக் காட்டுறது இவதான். நீங்க எழுதுறதையும் வாசிப்பா. இவளுக்கு அப்புறம் இந்த வீட்டுல யாரு வாசிப்பா?"

யாரும் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தாயார்தான் வாயைத் திறந்தார்.

"ஏன் டீச்சர், புதன்கெழமைதான் பிள்ளைங்களுக்கு வெளையாட்டு, சாரணருன்னு இருக்கே. அன்னிக்குப் பஸ்ஸு நாலரைக்குத்தானே வருது? அன்னிக்கே வச்சா என்ன?"

ஆசிரியை ஒரு நிமிடம் நம்மைப் பார்த்தார். புறப்பாட நடவடிக்கை தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம் சும்மாதான் கிடக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளைகள் கெந்தினில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறார்கள். புதன்கிழமை அங்கே ஒரு வகுப்பு வைக்கலாம். வாரத்தில் இன்னும் ஒரு நாள் போதும். அந்த ஒரு நாளுக்கு, மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் தகப்பன்மார்கள் முறை வைத்து, தங்கள் பிள்ளையையும் பக்கத்து வீட்டுப் பிள்ளையையும் ஏற்றி வருவதென்று பேசி முடித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் வேலி ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "எம் மவன் பாரமும் பையிலதான் கெடக்கு, எடுத்தாரேன்" என்று உள்ளே போனார்.

தகப்பனார் பாரத்தை மனைவியிடம் நீட்டினார். "வழி சொன்னது நீதானே, நீயே போடு." அந்த அம்மாள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, தமிழில் நிதானமாகத் தம் பெயரை எழுதினார். பதினைந்து. எதிர்வீட்டோடு சேர்த்தால் பதினாறு.

பெற்றோர்கள் கவனத்துக்கு

பாரம் தலைமையாசிரியையின் மேசைக்குப் போய்விட்டது. இனி வகுப்புக்கு அனுமதி, ஆசிரியர், நேரம் என்று வேலை இருக்கிறது. அதைப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் விடாமல் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பதினாறு என்பதும் பெரிய எண் அல்ல. இரண்டு குடும்பம் வேறு தோட்டத்துக்கு மாறிப் போனால் மறுபடியும் பதினான்குதான். பையின் அடியில் தூங்கும் மற்ற பாரங்களும் வெளியே வரட்டும்.

மற்றத் தோட்டத்துப் பெற்றோர்களுக்கும் சில வார்த்தைகள். புகுமுக வகுப்பு என்பது தண்டனை அல்ல. மலாய்மொழியைப் பலப்படுத்திக்கொள்ளக் கிடைக்கும் ஓராண்டு அது. அந்த ஆண்டில்தான் நம் பிள்ளைகள் பலர் மனம் தளர்ந்து நின்றுவிடுகிறார்கள். "ஒரு வருசம் வீணாப் போவுது" என்று நாமே அவர்கள் காதுபடப் பேசக்கூடாது.

மலாய்மொழியை அலட்சியம் செய்து தமிழைப் படிக்கச் சொல்லவில்லை. எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியும் வரலாறும் தேறாவிட்டால் சான்றிதழே கிடையாது. வரலாற்றை 2013 முதல் சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இரண்டும் வேண்டும். நம் பிள்ளை நாளைக்குத் தமிழாசிரியர் ஆக நினைத்தால், எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்காமல் அந்தக் கதவு திறக்காது. தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கத் தோட்டத்துப் பிள்ளையே ஆசிரியராக வருவதைவிட வேறென்ன வேண்டும்?

பாடப்புத்தகத்துக்குக் காசு இல்லை என்றும் யாரும் நிறுத்த வேண்டாம். 1975-இல் தொடங்கிய பாடநூல் இரவல் திட்டம் 2008 முதல் வருமானம் பார்க்காமல் எல்லா மாணவர்களுக்கும் கிடைக்கிறது. வாங்கிய புத்தகத்தை அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

கடைசியாக ஒன்று. இன்று ராத்திரி சாப்பாடு ஆனதும், உங்கள் பிள்ளையின் புத்தகப் பையைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். அடியில் மடங்கிக் கிடக்கும் தாளை எடுத்து நிமிர்த்துங்கள். யாரோ ஒரு பள்ளியில், யாரோ ஓர் ஆசிரியை, பதினான்கு பேரை வைத்துக்கொண்டு உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கலாம்.

அந்தப் பாட்டிக்கு இந்தக் கட்டுரையை அவர் பேத்தி வாசித்துக்காட்டுவாள் என்று நம்புகிறோம். வணக்கம் பாட்டி!